விவாத இழை: எம்.எஸ்.டபிள்யூ. கள அறிக்கை வெட்டி வேலையா?

திண்ணைவாசி
9 ஜூன் 2025, இரவு 10:12

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதலாண்டு முடிந்தது. வாரத்தில் இரண்டு நாள் களப்பணி, மறுநாள் காலைக்குள் அறிக்கை, வாரம் ஒரு தடவை மேற்பார்வையாளரோடு தனிச் சந்திப்பு, பருவக் கடைசியில் வைவா என்ற வாய்மொழித் தேர்வு. அடுத்த வருஷம் குடும்ப நலம், குழந்தை நலம் பிரிவு எடுத்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு பக்கம் போவதாக எண்ணம். என் வாதம்: இந்தக் கள அறிக்கை சுத்த வெட்டி வேலை. சீனியர் நோட்டைப் பார்த்துத் தேதியை மாற்றி எழுதினாலும் கையெழுத்து விழுகிறது. அந்த நேரத்தில் சட்டமும் கணினியும் சொல்லிக் கொடுத்தால் வேலைக்காவது உதவும். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

கோப்புக்காரி
9 ஜூன் 2025, இரவு 11:40

மறுக்கிறேன்.

குழந்தைகள் நலக் குழுவில் தலைவரோடு சேர்த்து ஐந்து பேர். குழந்தையின் வீட்டை அவர்கள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆஜர்படுத்தும்போது கொடுக்கும் படிவம் 17, பிறகு குழு கேட்டு வாங்கும் படிவம் 22, இந்த இரண்டையும் வைத்துத்தான் குழந்தை அம்மாவோடு போகிறதா, சித்தி வீட்டுக்கா, இல்லத்துக்கா என்று முடிவாகும். படிவம் 22 என்பதுதான் சமூக விசாரணை அறிக்கை. சட்டத்தோடு முரண்பட்டு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகிற குழந்தை என்றால் படிவம் 6. கல்லூரி கள அறிக்கை இதற்கான ஒத்திகை. ஒத்திகையில் காப்பியடித்தவர் எழுதும் படிவம் 22 எப்படி இருக்கும் தெரியுமா? இப்படி:

"வீட்டுச் சூழல் சரியில்லை. தாய் ஒத்துழைக்கவில்லை. குழந்தை சோகமாகக் காணப்பட்டது. எனவே இல்லத்தில் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன்."

நாலு வரியில் பார்த்தது ஒன்றுகூட இல்லை. எல்லாம் தீர்ப்பு. அதே வீட்டைப் பார்த்தபடி எழுதினால்:

"ஒற்றை அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சுமார் 10-க்கு 12 அடி. தாய், பாட்டி, சிறுமி, தாயின் தம்பி நால்வரும் அதே அறையில் படுக்கிறார்கள். கழிப்பறை மூன்று வீட்டுக்குப் பொது, உள்தாழ்ப்பாள் இல்லை. தாய் கட்டட வேலை, காலை 8-க்குப் போய் இரவு 7-க்குத் திரும்புகிறார். அழைப்பாணை கொடுத்த இரண்டு நாளும் வேலைநாள், வந்தால் அன்றைய கூலி போகும் என்றார். பள்ளி விட்டு 4:30 முதல் 7 வரை சிறுமியுடன் இருப்பவர் பாட்டி, அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. பாடநோட்டு ஐந்தும் அட்டை போட்டு அலமாரியில் இருந்தன."

இப்போது குழு என்ன கேட்கும்? 4:30 முதல் 7 வரை யார் பார்த்துக்கொள்வது, மாமாவுக்கு வேறு படுக்கை இடம் உண்டா, தாழ்ப்பாளுக்கு என்ன வழி. இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் இல்லம் தேவைப்படாமலே போகலாம். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 3-ல் உள்ள 16 கோட்பாடுகளில் ஒன்று, இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்பது. அந்தக் கோட்பாட்டை மனப்பாடம் செய்வது பத்து நிமிஷ வேலை. அட்டை போட்ட நோட்டைக் கண் கவனிப்பதற்குத்தான் இரண்டு வருஷம்.

சாரல்
10 ஜூன் 2025, காலை 6:55

தாழ்ப்பாள் நூறு ரூபாயோடு முடிந்துபோகும். இல்லத்தில் வைத்தால் மிஷன் வாத்சல்யா (ஒன்றிய அரசின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம்) கணக்கில் ஒரு குழந்தைக்கு மாதம் 3,000 பராமரிப்பு. ஆனாலும் தாழ்ப்பாளுக்கு எந்தத் தலைப்பில் செலவெழுதுவது என்று கணக்காளர் கேட்பார் பாருங்கள், அதற்குத்தான் பதில் கிடையாது.

தம்பிக்கு ஒரு ஆறுதல்: அறிக்கைக்கு ஒரு மாதம் டைம் உண்டு, பதறாமல் எழுதலாம்.

பிரிவு 94
10 ஜூன் 2025, காலை 9:20

ஒரு மாதம் இல்லை, 15 நாள். அதே 2015 சட்டத்தின் பிரிவு 36: சமூக விசாரணை 15 நாளுக்குள் முடிய வேண்டும், குழுவின் மொத்த விசாரணையும் இறுதி உத்தரவும் முதலில் ஆஜர்படுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள். சட்டத்தோடு முரண்பட்ட குழந்தைக்கும் நன்னடத்தை அலுவலர் அறிக்கை 15 நாள்தான். குழந்தையை ஆஜர்படுத்த 24 மணி நேரம், பயண நேரம் நீங்கலாக. "குழு இன்று அமர்வு இல்லை" என்பதைச் சாக்காகச் சொல்ல முடியாது. மாதத்தில் குறைந்தது 20 நாள் அமர வேண்டும், அமர்வு இல்லாத நேரத்தில் தனி உறுப்பினர் ஒருவர் முன் ஆஜர்படுத்தலாம்.

15 நாளில் எங்கே இழுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியிலிருந்து பிறந்த தேதிச் சான்று வாங்குவது, வெளி மாவட்டத்துக் குழந்தை என்றால் அந்த மாவட்ட அலகுக்கு வீட்டு விசாரணைக் கடிதம் போய்த் திரும்புவது, இந்த இரண்டும்தான். முதல் நாளே இரண்டையும் அனுப்பிவிட்டுத்தான் மற்ற வேலை.

திண்ணைவாசி
10 ஜூன் 2025, இரவு 9:30

அக்கா சொன்ன உதாரணம் புரிகிறது. ஆனால் வகுப்பில் படிவம் 22-ஐக் கண்ணால்கூடக் காட்டவில்லை. தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பு என்று முறைகளின் பெயரும் கோட்பாடும்தான். வீட்டுக்குப் போனால் என்ன கேட்பது, எங்கே உட்காருவது என்று யாரும் சொல்வதில்லை. "நல்லுறவை ஏற்படுத்தவும்" என்று நோட்டில் இருக்கிறது. எப்படி ஏற்படுத்துவதாம்?

கோப்புக்காரி
11 ஜூன் 2025, இரவு 10:05

போகும்முன்:

முகவரியைக் குடும்ப அட்டையிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். வாடகைக்குக் குடியிருப்போர் பலருக்கு அட்டை சொந்த ஊரில் இருக்கும். வகுப்பாசிரியரிடம் கேட்டால் இப்போதைய வீடு தெரியும். அலுவலகப் பெயர் எழுதிய வண்டியில் தெருவுக்குள் போகாதீர்கள், முனையிலேயே இறங்கி நடங்கள். அடையாள அட்டை பைக்குள் இருக்கட்டும், வீட்டுக்காரரிடம் மட்டும் காட்டினால் போதும். கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் அன்று மாலைக்குள் தெரு முழுக்க ஒரு கதை உருவாகியிருக்கும். அந்தக் கதையோடு வாழப்போவது குழந்தை.

நேரம் முக்கியம். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் காலை 11 மணிக்குப் போய்விட்டு "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதுவது விசாரணை ஆகாது. மாலை 6-க்கு மேல் போங்கள், தனியாகப் போகாதீர்கள்.

உள்ளே போனதும்: எங்கே உட்காரச் சொல்கிறார்களோ அங்கே. தரை என்றால் தரை. நோட்டை உடனே எடுக்க வேண்டாம். முதல் கேள்வி குழந்தையைப் பற்றி வேண்டாம், வேலை, ஊர், எப்போது இங்கே குடிவந்தீர்கள் என்று தொடங்குங்கள். "ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும், காலையில் எழுந்ததிலிருந்து சொல்லுங்க" என்பதைப்போல ஒரு கேள்வி வேறு கிடையாது. யார் முதலில் எழுகிறார், யார் சமைக்கிறார், குழந்தை எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டுப் பள்ளிக்குப் போகிறது, சாயங்காலம் கதவைத் திறப்பது யார், குடிக்கிறவர் எத்தனை மணிக்கு வருவார் எல்லாம் தானாக வந்துவிடும். "வீட்டில் யாராவது குடிப்பார்களா?" என்று நேராகக் கேட்டால் இல்லை என்ற ஒற்றைச் சொல்தான் கிடைக்கும்.

குழந்தையிடம் தனியாகப் பேச வேண்டும். வீட்டுக்குள் அது நடக்காது. பள்ளியில் பேசுங்கள், ஆனால் தலைமையாசிரியர் அறையில் அல்ல. வாசல் தெரியும்படி, பேச்சு வெளியே கேட்காதபடி ஓரிடம்.

அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது காரணத்தைச் சொல்லாதீர்கள். எதிர்வீட்டுக்காரருக்கும் இந்த வீட்டுக்கும் குழாயடிச் சண்டை இருக்கலாம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லாமல் எழுதாதீர்கள், எழுதினால் "அண்டை வீட்டார் கூற்று, உறுதிப்படுத்தப்படவில்லை" என்று சேர்த்து எழுதுங்கள்.

திரும்பிய அன்றே எழுத வேண்டும். மூன்றாம் நாள் எழுதினால் அறையின் அளவு உங்கள் ஞாபகத்தில் சுருங்கிவிடும், அம்மாவின் சொற்கள் உங்கள் சொற்களாகிவிடும்.

சாரல்
11 ஜூன் 2025, இரவு 11:15

டீ கொடுத்தால் குடிக்கலாமா கூடாதா என்று வகுப்பறையில் விவாதமே நடக்கும். ஒரு டம்ளர் டீ குடிக்கலாம். பையனைக் கடைக்கு அனுப்பி கலர் வாங்கிவரச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். போகிற பையனிடம் இருப்பது அந்த வீட்டின் நாளைக் காசு.

கோப்புக்காரி
12 ஜூன் 2025, காலை 7:30

குடும்ப வரைபடம் விட்டுப்போனது. மூன்று தலைமுறை போதும். ஆண் சதுரம், பெண் வட்டம், இறந்தவர் மேல் குறுக்குக் கோடு, நம் குழந்தைக்கு இரட்டைக் கோடு, ஒரே கூரைக்குள் இருப்பவர்களைச் சுற்றிப் புள்ளிக்கோடு. பிரிந்தவர்களுக்கு ஒரு சாய்கோடு, மணமுறிவுக்கு இரண்டு. சண்டை உறவுக்கு வளைந்து வளைந்து போகும் கோடு. வைவாவுக்கு அழகாக வரைவதோடு விட்டுவிடுகிறார்கள். வரைந்தபின் புள்ளிக்கோட்டுக்கு வெளியே இருப்பவர்களைப் பாருங்கள்: அப்பாவின் அக்கா, அம்மாவின் பெரியம்மா. உறவுப் பராமரிப்புக்கு ஆள் தேட வேண்டியது அங்கேதான். "உறவினர் யாரும் இல்லை" என்று எழுதிய கோப்புகள் பலவற்றில் அத்தையை யாரும் கேட்டதே இல்லை.

பிரிவு 94
12 ஜூன் 2025, பகல் 1:10

நோட்டைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் விட்டுவிடும் ஒன்று. மாணவர் கள அறிக்கைகளில் குழந்தையின் முழுப் பெயர், பள்ளி, தெரு, சில சமயம் புகைப்படம்கூட இருக்கும். வைவா முடிந்து நோட்டு துறை அலமாரியில் கிடக்கும், அடுத்த வருஷ மாணவர் எடுத்துப் படிப்பார். திண்ணைவாசி தம்பி, நீங்கள் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினேன் என்று சொன்னது இதனால்தான் சாத்தியமாகிறது. 2015 சட்டத்தின் பிரிவு 74, குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது எந்த வடிவில் இருந்தாலும் பார்க்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பெயருக்குக் குறியீடு, ஊருக்கு வட்டாரம் வரை மட்டும், பள்ளிக்கு "அரசு நடுநிலைப் பள்ளி" என்ற அளவு. பெயரும் குறியீடும் சேர்ந்த பட்டியல் நிறுவனத்தின் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், உங்கள் பையில் வேண்டாம். வாட்ஸாப் குழுவில் "இன்றைய மீட்பு" படம் போடுபவர்களுக்கும் இதே பிரிவுதான்.

திண்ணைவாசி
12 ஜூன் 2025, இரவு 8:02

அந்த அலமாரியை நாளைக்கே பூட்டச் சொல்கிறேன். (இனி யாரைப் பார்த்து எழுதுவது என்பது தனிப் பிரச்சினை.)

போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றத் தடுப்புச் சட்டம்) வழக்கு வந்தால் சமூகப் பணியாளர் என்ன செய்ய வேண்டும்? முழுக் கதையையும் குழந்தையிடம் கேட்டு எழுத வேண்டுமா?

பிரிவு 94
13 ஜூன் 2025, காலை 10:45

கூடாது. நீங்கள் விசாரணை அதிகாரி அல்ல. ஆசிரியர் ஒரு முறை, 1098 குழந்தைகள் உதவி எண் பணியாளர் ஒரு முறை, காவல் நிலையம், மருத்துவர், நீதித்துறை நடுவர், குழு என்று குழந்தை ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. சொல்லும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு வார்த்தை மாறும். அந்த மாற்றத்தைத்தான் எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் பிடிப்பார்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான்: யார், கடைசியாக எப்போது, அந்த ஆள் இப்போது குழந்தையை நெருங்க முடியுமா, உடனே மருத்துவம் தேவையா. குழந்தை தானாகச் சொன்னால் அதன் சொல்லிலேயே எழுதுங்கள். "அந்த அங்கிள் இப்படிப் பண்ணினாரா?" என்று வாயில் சொல்லைப் போடாதீர்கள்.

தெரிந்தபின் சொல்லாமல் இருப்பது குற்றம் (பிரிவு 19, தண்டனை 21-ல்). "குடும்பம் வேண்டாம் என்கிறது" என்பது விலக்கு அல்ல. காவல் துறை 24 மணி நேரத்தில் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். 2020 போக்சோ விதிகளின்படி குழு ஒரு ஆதரவு நபரை நியமிக்கலாம். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்களுக்கு இது நல்ல பொறுப்பு, வகுப்பில் அரை மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. அவர் குழந்தையோடு மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் போக வேண்டும், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும், இழப்பீட்டு மனுவைத் தொடர வேண்டும், வழக்கு முடியும்வரை குழுவுக்கு மாதாமாதம் அறிக்கை தர வேண்டும்.

அதற்குத் தெரிந்திருக்க வேண்டியவை: வாக்குமூலம் வாங்கும் போலீஸ் சீருடையில் இருக்கக் கூடாது, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ (பிரிவு 24). நீதிமன்றத்தில் வழக்கறிஞர் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்கக் கூடாது, நீதிபதி வழியாகத்தான் (பிரிவு 33). இடைவேளை கேட்கும் உரிமை உண்டு. இதெல்லாம் தெரியாத ஆதரவு நபர் வெறும் பிஸ்கட் பாக்கெட்டோடு நிற்பார்.

சாரல்
13 ஜூன் 2025, பகல் 2:30

பிஸ்கட்டும் வேண்டும். கோர்ட்டில் காலை 10-க்கு வரச்சொல்லி 4 மணிக்குக் கூப்பிடுவார்கள்.

நன்னாரி
15 ஜூன் 2025, மாலை 5:20

குறுக்கே ஒரு கேள்வி. எந்தப் பிரிவு எடுத்தால் வேலை கிடைக்கும்? எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் மனிதவளம் போகிறார்கள். குழந்தை நலப் பிரிவில் சம்பளம் எவ்வளவு? எம்.எஸ்.டபிள்யூ. கட்டாயமா?

சாரல்
15 ஜூன் 2025, இரவு 9:48

மனிதவளத்துக்குப் போவதில் தப்பொன்றும் இல்லை. பழைய தொழிற்சாலைகள் சட்டம் பிரிவு 49-ல் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் தொழிலாளர் நல அலுவலர் வேண்டும் என்று இருந்ததால் வந்த வழக்கம் அது.

குழந்தை நலப் பிரிவில் சம்பளத்தைப் பார்த்துவிட்டே வாருங்கள். மிஷன் வாத்சல்யாவில் மாதத் தொகுப்பூதியம்: பாதுகாப்பு அலுவலர் 27,804. சட்டமும் நன்னடத்தையும் பார்க்கும் அலுவலருக்கும் அதே. ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர் 18,536. புறத்தொடர்புப் பணியாளர் 10,592. எல்லாம் ஒப்பந்தம். சமூகப் பணியாளருக்கு இளங்கலை போதும், புறத்தொடர்புப் பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. பாதுகாப்பு அலுவலருக்குத்தான் முதுகலையோ, இளங்கலையோடு அனுபவமோ கேட்பார்கள். எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு 18,536 வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் வரிசையில் நிற்பது இதனால்தான். மாவட்ட இணையதளத்தில் அறிவிப்பு வரும், விண்ணப்பத்தைத் தபாலிலோ நேரிலோ கேட்பார்கள், கடைசித் தேதி மாலை 5:45 என்றால் 5:45 தான்.

கோப்புக்காரி
15 ஜூன் 2025, இரவு 10:30

மருத்துவ, மனநலப் பிரிவு எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சொல்லும் மனநலச் சமூகப் பணியாளருக்கு எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் இரண்டு வருஷ முழுநேர எம்.ஃபில். வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் (தேசிய மனநல நிறுவனம்) மாதிரி இடங்களில் அந்தப் படிப்பு. வெறும் எம்.எஸ்.டபிள்யூ.வோடு மருத்துவமனையில் மருத்துவச் சமூகப் பணி செய்யலாம், அது வேறு. பிரிவு தேர்ந்தெடுக்கும் நாளில் இதை யாரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

நன்னாரி
16 ஜூன் 2025, காலை 8:00

நன்றி. அப்படியானால் தொலைநிலையில் படித்துக்கொண்டே வேலைக்குப் போய்விடலாமே? இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறதே.

கோப்புக்காரி
16 ஜூன் 2025, இரவு 9:15

இருக்கிறது, அதிலும் களப்பணி உண்டு, மேற்பார்வையாளர் கையெழுத்து உண்டு. சிக்கல் அந்தக் கையெழுத்துத்தான். வாரத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து "இதை ஏன் எழுதினாய், அந்த அம்மா அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று குடையும் ஆள் இருந்தால் தொலைநிலையும் நல்ல படிப்பே. ஏற்கெனவே புறத்தொடர்புப் பணியில் இருப்பவருக்கு அது சரியான வழி. பள்ளி முடித்த கையோடு பட்டம், உடனே தொலைநிலை எம்.எஸ்.டபிள்யூ. என்று போகிறவருக்குக் குடைய ஆளிருக்காது.

சாரல்
18 ஜூன் 2025, இரவு 10:40

கிராமப்புற முகாமைப் பற்றி யாரும் பேசவில்லையே. பத்து நாள் முகாம், கோயில் வளாகம் சுத்தம், மரக்கன்று, கடைசி நாள் கலைநிகழ்ச்சி. இதில் உருப்படியானது தரையில் கோலமாவால் போடும் ஊர் வரைபடம்தான். மந்தையில் போடுங்கள், ஆனால் ஊர்ப் பெரியவர் கையில் மாவைக் கொடுத்தால் கோயில், பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் மட்டும் வரும். பிறகு அதே மாவைக் காலனிப் பெண்கள் கையில் கொடுத்து வேறு நேரத்தில், அவர்கள் இடத்தில் போடச் சொல்லுங்கள். முதல் படத்தில் வராத குழாய், இருட்டுப் பாதை, சாராயம் விற்கும் வீடு, பிள்ளைகள் பள்ளிக்குப் போகச் சுற்றிப்போகும் வழி எல்லாம் இதில் வரும். இரண்டு படத்தையும் காகிதத்தில் பிரதி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மழை வந்தால் போச்சு.

திண்ணைவாசி
27 ஜூன் 2025, இரவு 9:05

நிதி ஆதரவுத் திட்டம் பற்றிச் சொல்லுங்கள். இரண்டாமாண்டு களப்பணி அலகிலேயே போட்டிருக்கிறார்கள். முதல் வேலையாக விண்ணப்பங்களைச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கோப்புக்காரி
28 ஜூன் 2025, காலை 11:20

நல்ல வேலை கொடுத்திருக்கிறார்கள், அலுத்துக்கொள்ள வேண்டாம்.

மாதம் 4,000, குழந்தைக்கு 18 வயது வரை. தந்தை இறந்த, தாய் கைவிடப்பட்ட, பெற்றோர் கடும் நோயில் இருக்கும், பெற்றோர் சிறையில் இருக்கும் குழந்தைகள் மாதிரியான வகைகள். ஆண்டு வருமான வரம்பு ஊரகத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000. நோக்கம் வறுமையால் மட்டும் குழந்தை இல்லத்துக்குப் போகாமல் தடுப்பது.

விண்ணப்பம் திரும்பி வரும் காரணங்களை எழுதுகிறேன், நீங்கள் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

பெயர். ஆதாரில் "கார்த்திக் எஸ்", பள்ளிச் சான்றில் "எஸ். கார்த்திக்", வங்கியில் "கார்த்திக் செல்வம்". நமக்கு ஒரே பையன், கணினிக்கு மூன்று பேர். முதலில் பள்ளிப் பதிவை முடிவு செய்துகொண்டு மற்றதை அதற்கு மாற்றச் சொல்லுங்கள், தலைகீழாகப் போகாதீர்கள்.

வங்கிக் கணக்கு. குழந்தையின் பெயரும் பாதுகாவலர் பெயரும் சேர்ந்த கணக்கு. பள்ளி உதவித்தொகைக்காக எப்போதோ தொடங்கிய கணக்கு முடங்கிக் கிடக்கும். பாஸ்புத்தகம் இருக்கிறது என்பதால் கணக்கு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆதார் இணைத்திருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள்.

வருமானச் சான்று. இ-சேவையில் விண்ணப்பிக்கும்போது குத்துமதிப்பாக ஒரு தொகை போட்டுவிடுவார்கள். வரம்புக்கு மேல் நூறு ரூபாய் இருந்தாலும் விண்ணப்பம் செத்தது. விண்ணப்பிக்கும்முன் தாயிடம் உண்மையான வருமானத்தை வாரக் கூலி, வேலை கிடைக்கும் வாரங்கள் என்று பிரித்துக் கேட்டுக் கணக்கிடுங்கள். குறைத்துப் போடச் சொல்லாதீர்கள்.

இறப்புச் சான்று இல்லாத தந்தை. ஓடிப்போனவர், எட்டு வருஷமாகத் தகவல் இல்லாதவர். இங்கேதான் உங்கள் வீட்டு விசாரணை அறிக்கை கை கொடுக்கும். கைவிடப்பட்டவர் என்பதற்கு வேறு காகிதம் அந்தத் தாயிடம் இருக்காது.

தொகை வந்தபின்னும் வேலை முடிவதில்லை. குழந்தை பள்ளிக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். போகவில்லை என்றால் நிறுத்துவதற்கு முன் ஏன் என்று கேட்க வேண்டும்.

பிரிவு 94
28 ஜூன் 2025, பகல் 12:50

வயதுக்கு ஆதார் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆதார் பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வயதுச் சான்றுகளின் வரிசை என் பெயரிலேயே, 2015 சட்டத்தின் பிரிவு 94-ல், இருக்கிறது: முதலில் பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டும் எலும்புச் சோதனை.

திண்ணைவாசி
20 ஜூலை 2025, இரவு 11:00

ஒரு மாதக் களப்பணிக்குப் பிறகு என் முதல் வாதத்தைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். காப்பியடித்த அறிக்கைதான் வெட்டி வேலை. சட்டமும் கணினியும் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. விண்ணப்பங்கள் எல்லாம் எக்செல் தாளில்தான் நடக்கின்றன, பிறந்த தேதியை ஆளுக்கொரு விதமாக அடித்து வைத்திருக்கிறார்கள், வரிசைப்படுத்தினால் கந்தலாகிறது.

கோப்புக்காரி
21 ஜூலை 2025, காலை 7:10

என் பங்குக்கும் கொஞ்சம் தளர்த்துகிறேன். ஒவ்வொரு நாளும் பேசிய எல்லாவற்றையும் வரிக்கு வரி எழுதச் சொல்லும் முறை இரண்டு வருஷமும் தேவையில்லை. முதல் பருவத்தில் நாலைந்து சந்திப்புக்கு அப்படி எழுதினால் போதும். தாளை மூன்றாகப் பிரித்து, சொன்னது, கண்டது, நான் நினைத்தது. மூன்றாவது பத்தி நிரம்பி வழிந்து இரண்டாவது காலியாக இருந்தால் மேற்பார்வையாளர் உங்களைப் பிடித்துவிடலாம். பிறகு சுருக்க அறிக்கை. தேதிகளை எழுத்தாக அடித்தவரைக் கண்டுபிடித்துத் தண்டிக்கவும்.

நன்னாரி
22 ஜூலை 2025, மாலை 6:40

பாதுகாப்பு அலுவலர் நேர்காணல் வருகிறது. என்ன கேட்பார்கள்?

சாரல்
22 ஜூலை 2025, இரவு 10:10

வரலாற்றில் ஒன்றிரண்டு: 1936-ல் மும்பையில் தொடங்கிய பள்ளிதான் இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். 1952-ல் சென்னை சமூகப்பணிப் பள்ளி, மேரி கிளப்வாலா ஜாதவ். 1920 சென்னைக் குழந்தைகள் சட்டம் நாட்டிலேயே முதலாவது. 1098 யார் நடத்துகிறார்கள் என்று கேட்டால் பழைய பதிலைச் சொல்லாதீர்கள். 2023-லிருந்து அது அரசின் கைக்கு வந்து 112 அவசர உதவி எண்ணோடு இணைந்துவிட்டது.

ஆனால் ஆளை அளப்பது சூழ்நிலைக் கேள்வியில்தான். "இரவு 8 மணி. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு நாளை காலை கல்யாணம் என்று அழைப்பு. என்ன செய்வீர்கள்?" "போலீசோடு போய் நிறுத்துவேன்" என்று முடித்தால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

பிரிவு 94
23 ஜூலை 2025, காலை 9:30

முழுப் பதில்: அழைத்தவர் பெயரைப் பதிவில் மறைத்து வைக்க வேண்டும். இரவே தலைமையாசிரியரைப் பிடித்து வயதுச் சான்று. குழந்தைத் திருமணத் தடை அலுவலரான மாவட்டச் சமூக நல அலுவலருக்கும், காவல் நிலையத்துக்கும், குழுத் தலைவருக்கும் தகவல். திருமண ஆபத்தில் உள்ள சிறுமி 2015 சட்டப்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை, ஆகவே குழு முன் ஆஜர்படுத்தலாம். 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் பிரிவு 13-ல் நடுவரிடம் தடையுத்தரவு கேட்கலாம். தடையை மீறி நடந்தால் திருமணம் செல்லாது.

சாரல்
23 ஜூலை 2025, இரவு 9:55

இதோடு பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள். பெற்றோரிடம் எழுதி வாங்கியதும் வேலை முடிந்ததாக நினைப்பார்கள். ஒரு வாரம் கழித்து பக்கத்து மாவட்டத்துக் குலதெய்வக் கோயிலில் சத்தமில்லாமல் தாலி ஏறிவிடும். ஆகவே: மறுநாளிலிருந்து பள்ளி வருகைப் பதிவை வகுப்பாசிரியரிடம் தினமும் கேட்பது, பக்கத்து மாவட்ட அலகுக்கும் தகவல், கல்யாணத்துக்குக் கொடுத்த முன்பணம், வாங்கிய கடன் என்ன என்று கேட்பது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் திருப்பிக்கொடுக்க வேண்டிய பணம்தான் பல இடத்தில் மறுபடி தேதி குறிக்க வைக்கிறது. பெண் ஏன் பள்ளியை விட்டாள் என்ற கேள்வியையும் விடாதீர்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் பஸ் இல்லாத ஊராக இருக்கும்.

நன்னாரி
9 ஆகஸ்ட் 2025, பகல் 3:15

கேட்டார்கள். அதே கேள்வி, பதினாறு வயது, மாப்பிள்ளை தாய்மாமன். வருகைப் பதிவைச் சொன்னதும் எதிரில் இருந்தவர் பேனாவை எடுத்தார். முடிவு இன்னும் வரவில்லை.

திண்ணைவாசி
4 அக்டோபர் 2025, இரவு 9:20

செப்டம்பர் 15-ல் மாநில அரசு அன்புக் கரங்கள் தொடங்கியிருக்கிறதே, மாதம் 2,000. நிதி ஆதரவு 4,000 வாங்கும் குழந்தையின் தாய் இதற்கும் மனு கொடுக்கலாமா என்று வருகிறார். என்ன சொல்வது?

கோப்புக்காரி
4 அக்டோபர் 2025, இரவு 10:45

வாயால் ஆம், இல்லை சொல்லாதீர்கள். இரண்டின் வழிகாட்டு நெறிகளையும் எடுத்துவைத்து "வேறு உதவி பெறுகிறாரா" என்ற பத்தியைப் பாருங்கள். மனுவில் 4,000 வருவதை மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள், மறைத்துப் பின்னால் தெரிந்தால் இரண்டும் நிற்கும். மனுவை வாங்கிக்கொண்டு ஒப்புகைச் சீட்டில் தேதியும் கையெழுத்தும் போட்டுக் கொடுங்கள். அந்தச் சீட்டு இல்லாமல்தான் பாதித் தாய்மார்கள் மூன்றாவது முறையும் அதே வரிசையில் நிற்கிறார்கள்.